ஒளிவினையூக்கி ஏர் பியூரிஃபயர்: ப்ளைவுட் வாடைக்கு வாங்கலாமா?

மணி_தாம்பரம்: புது வீட்டில் மாடுலர் கிச்சன் வேலை முடிந்தது. ப்ளைவுட், பெயிண்ட் வாடையில் அம்மாவுக்குக் கண் எரிச்சல். கடையில் டைட்டானியம் டைஆக்சைடு பூசிய வலையும் யூவி விளக்கும் உள்ள மெஷினைக் காட்டி, "வாடையைப் பிடித்து வைக்காது, அழித்தே விடும்" என்கிறார்கள். நம்பலாமா?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்: நம்பலாம். டைட்டானியம் டைஆக்சைடில் ஒளி பட்டால் தண்ணீரே பிரியும் என்று ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இதுவும் அதே சங்கதிதான்: ஒளி பட்டால் தான் தீராமல் வினையைத் தூண்டுவதால் 'ஒளிவினையூக்கி'. அலைநீளம் சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளி பட்டதும் காற்றின் ஈரத்திலிருந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, எதையும் சட்டென்று தாக்கும் துகள் கிளம்பும். அது ப்ளைவுட் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கரியமில வாயுவும் தண்ணீருமாக உடைத்துவிடும். வாடையைப் பிடித்து வைக்கும் கார்பன் ஃபில்டர் மாதிரி நிரம்பிப்போகிற தொல்லை இல்லை.

ஏசி_சேகர்: சார், முழுசாக உடைந்தால் சந்தோஷம்தான். ஆனால் விசிறி இழுக்கிற வேகத்தில் காற்று கண்ணிமைப்பதற்குள் வலையைத் தாண்டிவிடும். பாதியில் நின்றால் என்ன ஆகும்? பெயிண்ட், சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் ஆல்டிஹைடாக (ஃபார்மால்டிஹைடின் இனம்) மாறி வெளியே வரும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் இந்த வகைக் கருவியைச் சோதித்தபோது ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் புதிதாக உண்டாயின. மணியோட அம்மா கண்ணை எரிக்கிற அதே சரக்கு!

கெமிஸ்ட்ரி_வாத்தியார்: கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள். அதே ஆய்வகம் வலைக்குப் பின்னால் பெர்மாங்கனேட் (ஆல்டிஹைடைப் பிடிக்கும் உப்பு) ஏற்றிய படுகை ஒன்றை வைத்தது, ஆல்டிஹைடு அடங்கியது. செடி வளர்க்கும் அறையில் எத்திலீனை (காயைப் பழுக்க வைக்கும் வாயு) ஒழிக்க நாசாவே இந்த முறையைப் பயன்படுத்தியது.

ஏசி_சேகர்: மூடிய பெட்டி, தெரிந்த ஒரே வாயு. அங்கே எடுபடும். ஹாலில் ஊதுபத்தி, தாளிப்பு, பாத்ரூம் ஸ்ப்ரே எல்லாம் கலந்து வருமே! சர்வீஸுக்கு வருகிற மெஷினைக் கழற்றினால் வலைமேல் பழுப்புப் பிசுக்கும் தலைமுடியும் அப்பியிருக்கும், பூச்சுக்கு வெளிச்சமே போகாது. அதைத் துடைத்துவிடலாம். சிலிக்கான் சீலன்ட் ஆவி பட்டு பூச்சின் மேல் சிலிக்கா படிந்துவிட்டால் துடைத்தாலும் போகாது. புது கிச்சனில் சிங்க்கைச் சுற்றி அடிப்பது என்னவாம்?

கீதா_ரா: இன்னொன்று. தூசியைப் பிடிக்க ஹெப்பா எனும் நுண்தூசி ஃபில்டர் வேண்டும், இந்த வலை அதைச் செய்யாது. விளக்கையும் கேளுங்கள். 254 நானோமீட்டர் விளக்கு கிருமியைக் கொல்ல. 185 வரை போகிற விளக்கு, மூச்சுக்குழாயை எரிக்கும் ஓசோன் வாயுவை விடும். கலிஃபோர்னியாவில் வீட்டு பியூரிஃபயருக்கு ஓசோன் வரம்பு 0.050 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு). "மழை பெய்த வாசம்" என்று விளம்பரம் செய்தால், அது ஓசோன் வாசமோ என்று எனக்குச் சந்தேகம்தான்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்: மட்டமான மெஷினைக் காட்டித் தொழில்நுட்பத்தையே திட்டுகிறீர்கள். வலை, விளக்கு, பின்னால் கார்பன் எல்லாம் இருந்தால் என்ன குறை?

ஏசி_சேகர்: குறை இல்லை சார், கார்பன் செய்த வேலைக்கு விளக்குக்கும் சேர்த்துக் காசு. மணி தம்பி, அலமாரிக் கதவையெல்லாம் திறந்து போட்டு, ஜன்னல் பக்கம் பெடஸ்டல் ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி ஓட்டுங்க. உள்பக்கம் எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டாத பலகை விளிம்பு இருந்தால் ஒட்டச் சொல்லுங்க, அங்கிருந்துதான் அதிகம் கசியும். வெயில் ஏறினால் வாடையும் ஏறும், மதியம் பூட்டி வைக்காதீங்க.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்: ஐப்பசி மழையிலும் ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொல்வீர்களோ!

மணி_தாம்பரம்: வலைக்குப் பின்னால் கார்பன் இருக்கிறதா, விளக்கு எத்தனை நானோமீட்டர் என்று கடைக்குப் போன் போட்டேன் அண்ணே. "யூவி விளக்கு சார், நீல வெளிச்சம் வரும்" என்றார். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறாராம்.