மறு: ‘இன்டர்ஆப்பரபிலிட்டி’க்கு இடைச்செயல்பாடு சரியா?

நண்பர்களுக்கு வணக்கம். வெவ்வேறு மென்பொருள்கள் ஒன்றோடொன்று தரவைப் பகிர்ந்து பயன்படுத்தும் திறனைத்தான் ‘இன்டர்ஆப்பரபிலிட்டி’ என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றிய பேச்சு இது.

> இன்டர் என்றால் இடை, ஆப்பரேஷன் என்றால் செயல்பாடு. இடைச்செயல்பாடு என்றே வைத்துவிடலாமே?

எனக்கு உடன்பாடில்லை ஐயா. இடைத்தேர்தல், இடைவேளை, இடைக்காலத் தடை என்று பழகிய காதுக்கு இது நடுவில் கொஞ்ச நேரம் நடந்து முடிகிற ஏதோ ஒன்றாகத்தான் கேட்கும்.

நாம் மொழிபெயர்க்கும் கட்டுரை அமெரிக்கப் படைவீரர்களின் மருத்துவக் கோப்பைப் பற்றியது. சீருடையில் இருக்கும்வரை வீரரின் மருத்துவம் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. வெளியே வந்தபின் முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் போகிறார். ஆள் ஒருவர், கோப்பு இரண்டு. நலத்துறையில் ‘விஸ்டா’, 1970களின் பிற்பகுதியில் மம்ப்ஸ் என்ற நிரல்மொழியில் வேர்விட்ட மென்பொருள். படைத்தரப்பில் அப்போது ‘ஆல்டா’ என்ற வேறொன்று இருந்தது.

இரண்டையும் இணைக்க முதலில் வந்த வழியில், ஒரு துறையின் கோப்பை மறுதுறை மருத்துவர் திரையில் படிக்க முடிந்தது. அவ்வளவுதான். 2006இல் இன்னொரு வழி வந்தது. அதில் வெளிநோயாளர் மருந்துகளும் மருந்து ஒவ்வாமைகளும் கணினியே கையாளக்கூடிய தரவாக மறுதுறைக்குப் போயின.

வித்தியாசத்தைப் பாருங்கள். படையில் இருந்தபோது ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்று பதிவாகியிருக்கிறது. பிறகு நலத்துறை மருத்துவர், பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதுகிறார். முதல் வழியில், அவராகப் பழைய பக்கத்தைத் திறந்து அந்த வரியைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. இரண்டாவதில், மருந்தின் பெயரை இட்டதுமே எச்சரிக்கை வந்து நிற்கும். ஓர் உயிர் தப்புகிற வித்தியாசம் இது. இரண்டையும் ‘இடைச்செயல்பாடு’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே பொதுச்சொல்லாக இயைந்தியங்கல். இரண்டாவது வகைக்கு, அதாவது ‘செமான்டிக்’ என்று சொல்வதற்கு, பொருளியைவு. வெறுமனே படிக்க மட்டும் தருவது பார்வைப் பகிர்வு. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “ஒவ்வாமைப் பதிவுகள் பொருளியைவோடு வந்து சேர்ந்தன.” உறுத்தவில்லை.

‘கருத்திணக்கம்’ என்று ஒரு நண்பர் தந்ததையும் யோசித்தேன். அது மனிதர்கள் பேசி முடிவெடுப்பது. இங்கே நடப்பது அதுவல்ல. ஒரே மருந்துக்கு இரு துறைகளும் வெவ்வேறு குறியீடு வைத்திருந்தன. ஆர்எக்ஸ்நார்ம் என்ற, மருந்துப் பெயர்களுக்கான பொதுச் சொற்தொகுதியை நடுவில் வைத்து, இந்தப் பக்கக் குறியீட்டை அதற்கும், அதிலிருந்து அந்தப் பக்கத்துக்கும் மாற்றினார்கள். பொருள் இயைகிறது, கருத்து அல்ல.

> இப்போது இரு துறைகளும் ஒரே மென்பொருளுக்குப் போகின்றனவே, இந்தச் சொல்லே தேவைப்படுமா?

தேவைப்படும். வட சிகாகோவில் இரு துறைகளும் சேர்ந்து நடத்தும் லோவல் மருத்துவமனை 2024 மார்ச்சில் அந்தப் புதிய மென்பொருளுக்கு மாறியது உண்மை. ஆனால் நலத்துறை பலரைத் தனியார் மருத்துவர்களிடமும் அனுப்புகிறது. அங்கிருக்கும் மென்பொருள்கள் வேறு.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் சொற்பட்டியலில் இந்த மூன்றையும் சேர்த்துவிடுகிறேன்.

பி.கு.: வரைவில் சில இடங்களில் ‘ஓய்வுபெற்ற வீரர்’ என்று வந்திருக்கிறது. ‘முன்னாள் படைவீரர்’ என்று திருத்த வேண்டும். அங்கே நான்கு ஆண்டு பணியாற்றி வெளியே வந்தவரும் ‘வெட்டரன்’தான், ஓய்வு பெற்றவர் என்ற நிலைக்குப் பொதுவாக 20 ஆண்டு பணி வேண்டும்.