கார் ஷெட் பட்டறை: வெளிச்சம் இருக்கு, பென்சில் கோடு தெரியல. என்ன லைட் போடலாம்?

கோவை_மரவேலை:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கார் ஷெட்டில், காரை வெளியே நிறுத்திட்டுச் சின்னதா மரவேலை பண்றேன். 20 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரத்தில் கான்கிரீட் கூரை. சுவர் வெறும் சிமென்ட் பூச்சு, வெள்ளை அடிக்கல. முன்னால ரோலிங் ஷட்டர். இடது சுவரை ஒட்டி 2 அடி அகலத்தில் பெஞ்ச், பின் மூலையில் மரக் கடைசல் மெஷின்.

இப்ப இருக்கிறது நடுக்கூரையில் ஒரு 12 வாட் பல்ப், ஷட்டருக்கு மேல உள்பக்கம் பார்த்து ஒரு 50 வாட் ஃப்ளட் லைட். கண்ணு கூசுது, ஆனா ரம்பம் வைக்கிற இடத்துல என் நிழல்தான் விழுது. இங்க பார்த்து அடிச்ச தேக்கு பாலிஷ், ஹாலுக்குப் போனதும் வேற நிறமாத் தெரியுது. இன்னொரு விஷயம்: கடைசல் ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்துல சக் (கட்டையைக் கவ்விப் பிடிச்சுச் சுத்துற பாகம்) மெதுவாப் பின்பக்கம் சுத்துற மாதிரி இருக்கு. கண்ணுல கோளாறான்னு பயமா இருக்கு.

இன்னொரு 100 வாட் ஃப்ளட் போட்டா சரியாயிடும்னு கடைக்காரர் சொல்றார். வாங்கலாமா?

மரத்தூள்:
வாங்காதீங்க. நிழல் இன்னும் கருப்பா விழும், அவ்வளவுதான்.

பெஞ்சடி:
மேலே சொன்னது சரி, காரணத்தை நான் சொல்றேன். ஃப்ளட்ல வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து வருது. அதை மறிக்க உங்க தலை ஒண்ணு போதும். 4 அடி பேட்டன்ல (டியூப் லைட் மாதிரி நீளமான எல்.இ.டி. விளக்கு) அதே வெளிச்சம் நாலு அடிக்குப் பரவி வருது. கை ஒரு பக்கத்தை மறைச்சாலும் மிச்சப் பக்கத்திலிருந்து வந்து சேரும், நிழல் வெளுத்துப் போகும்.

கணக்கு இப்படிப் போடுங்க. உங்க ஷெட் 200 சதுர அடி, அதாவது சுமார் 18.6 சதுர மீட்டர். லூமென்ங்கிறது விளக்கு தர்ற வெளிச்சத்தோட அளவு, லக்ஸ்ங்கிறது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லூமென் விழுதுங்கிறது. பொது வெளிச்சத்துக்கு 300 லக்ஸ் வேணும்னா 5,580 லூமென் வேலை செய்யற மட்டத்துக்கு வந்து சேரணும். சுவர், தூசு எல்லாம் தின்னது போக பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கீழே வரும். அதனால கூரையில 9,000 லூமெனுக்கு மேல இருக்கணும். நல்ல 20 வாட் பேட்டன் ஒண்ணு சுமார் 2,000 லூமென் தரும். ஆறு போடுங்க, தாராளமா இருக்கும். பெட்டியில வாட் எவ்வளவுன்னு பார்க்காதீங்க, லூமென் எவ்வளவுன்னு பாருங்க. அதைப் போடாத பெட்டியை அங்கேயே வச்சிட்டு வாங்க.

இதைவிட முக்கியம் எங்க மாட்டுறோம்ங்கிறது. பெரும்பாலான எலக்ட்ரீஷியன் கூரை நடுவுல ஒரே கோடாப் போடுவார். பார்க்க அழகா இருக்கும். ஆனா நீங்க சுவரைப் பார்த்து பெஞ்சில் நிற்கிறீங்க, லைட் முதுகுக்குப் பின்னால வருது. அதனால மூணு மூணா ரெண்டு வரிசை போடுங்க. முதல் வரிசை இடது சுவரிலிருந்து ஒன்றே முக்கால் அடி தள்ளி, நீளவாக்கில். அதாவது பெஞ்சின் முன் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே, உங்க நெற்றிக்கு முன்னால. ரெண்டாவது வரிசை எதிர்ச்சுவரிலிருந்து ரெண்டரை அடியில். துளை போடறதுக்கு முன்னாடி ஒரு பேட்டனை நீள வயரோட ஏணியில கட்டி ராத்திரி பெஞ்ச் மேல பிடிச்சுப் பாருங்க.

அப்புறம் சுவருக்கு வெள்ளை அடிங்க. இந்தச் செலவுக்குக் கிடைக்கிற பலன் வேற எதுலயும் கிடைக்காது. சிமென்ட் சுவர் தன் மேல விழற வெளிச்சத்துல பெரும்பகுதியைக் குடிச்சிடும், வெள்ளைச் சுவர் முக்கால்வாசியைத் திருப்பித் தரும். கூரையையும் விடாதீங்க.

கோவை_மரவேலை:
ரொம்ப நன்றிங்கண்ணா. நடுவுல ஒரே கோடுதான் எலக்ட்ரீஷியன் பேசி வச்சிருந்தார், நிறுத்தச் சொல்லிட்டேன். அந்தச் சக் விஷயம் மட்டும் யாராவது சொல்லுங்க.

லேத்_பட்டறை:
தம்பி, கண்ணுல ஒண்ணும் இல்ல. லைட்லதான் கோளாறு. அதை அலட்சியம் பண்ணாதீங்க.

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுழற்சி, ஒவ்வொரு சுழற்சியிலயும் ரெண்டு தடவை இறங்கி ஏறும். மலிவான எல்.இ.டி.யில டிரைவர் (உள்ளே கரண்டைச் சீராக்கிக் கொடுக்கிற சர்க்யூட்) சரியா இல்லைன்னா விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது. உங்களுடையது நாலு ஜா, அதாவது கட்டையைக் கவ்வுற நாலு தாடை உள்ள சக்னு வச்சுக்குவோம். நிமிஷத்துக்கு 1500 சுத்துன்னா வினாடிக்கு 25. நாலு ஜாவும் சேர்ந்து வினாடிக்கு 100 தடவை ஒரே இடத்தைக் கடக்குது. விளக்கோட துடிப்பும் 100. அதனால சக் நின்னுட்ட மாதிரியே தெரியும். 1500-க்குக் கொஞ்சம் கீழே இறங்கினா பின்னோக்கி நகரும், நீங்க பார்த்தது அதுதான். 750-ல வச்சுப் பாருங்க, எட்டு ஜா இருக்கிற மாதிரி தெரியும்.

நின்ன மாதிரி தெரியற சக்குக்குப் பக்கத்துல கை போயிடும். அதுதான் பயம். சோக் வச்ச டியூப் லைட் காலத்திலேயே பட்டறைகள்ல இந்தத் தொந்தரவு உண்டு. பக்கத்துப் பக்கத்து டியூபை வேற வேற ஃபேஸ்ல கொடுப்பாங்க, ஒண்ணு மங்கும்போது இன்னொண்ணு எரியும், லேத்துக்குத் தனியா ஒரு குண்டு பல்ப் வைப்பாங்க. இழை சட்டுனு ஆறாது, அதனால அவ்வளவு துடிக்காது.

கடையிலேயே சோதிச்சு வாங்குங்க. லைட்டை எரியவிட்டு போன் கேமராவை ஸ்லோ மோஷன்ல வைங்க. வீடியோவுல விளக்கு பளிச்சு பளிச்சுனு துடிச்சா, இல்ல பட்டை பட்டையா ஓடினா, அந்த மாடல் வேண்டாம். பக்கத்து மாடலைக் காட்டச் சொல்லுங்க. ஒரே கம்பெனியிலேயே ரெண்டு விதமும் வரும்.

பாலிஷ்_வாத்தியார்:
நிறம் பற்றி. கடையில "வெள்ளை" என்று கேட்டால் 6500 கெல்வின்தான் கொடுப்பார்கள். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். 6500 நீலம் கலந்த வெளிச்சம். தேக்கு, ஈட்டியெல்லாம் அதில் சாம்பல் பூத்துத் தெரியும். 4000 கெல்வின் கேளுங்கள், "நேச்சுரல் வைட்" என்றால் புரியும். சி.ஆர்.ஐ என்பது விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இடும் மதிப்பெண். 80 என்பது சாதாரணம். பெஞ்சுக்கு மேல் உள்ளவற்றையாவது 90-க்கு மேல் பார்த்து வாங்குங்கள். தேக்கின் சிவப்பு அப்போதுதான் எழும்.

மரத்தூள்:
வாத்தியாரே, 4000-ல அடிச்சாலும் ஹாலில் 3000 மஞ்சள் லைட் இருந்தா மறுபடி வேறயாத்தானே தெரியும்?

பாலிஷ்_வாத்தியார்:
தெரியும், மறுக்கவில்லை. அதனால் கடைசிப் பூச்சுக்கு முன் ஒரு துண்டுப் பலகையில் அடித்து, சாமான் போகப் போகும் அறையிலேயே வைத்துப் பார்ப்பேன். பட்டறை லைட் சாயத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அல்ல, அடித்தது திட்டுத்திட்டாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கு.

இன்னொன்று. உப்புத்தாள் போட்டு முடித்ததும் மேல் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒரு சின்ன விளக்கைப் பலகை மட்டத்துக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். இழைப்புளி விட்ட தடமும் குறுக்குக் கீறலும் வரப்பு மாதிரி எழுந்து நிற்கும். நேர் மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் அவை தெரியாது. வளையும் கழுத்துள்ள ஒரு மேசை விளக்கு போதும், கடைசலுக்கும் அதுவே உதவும்.

எம்.சி.பி:
ஒயரிங் பற்றி யாரும் பேசல. லைட்டையும் மெஷினையும் ஒரே எம்.சி.பி-யில (கரண்ட் அளவு மீறினா தானா அணையற ஸ்விட்ச்) கொடுக்காதீங்க. கட்டையில ரம்பம் சிக்கி மோட்டார் டிரிப் ஆனா, லைட்டும் சேர்ந்து போயிடும். பிளேடு இன்னும் சுத்திக்கிட்டிருக்கும், நீங்க கும்மிருட்டுல கையை எங்க எடுக்கிறதுன்னு தெரியாம நிப்பீங்க. லைட்டுக்கு 1.5 சதுர மில்லி வயரும் 6 ஆம்ப் எம்.சி.பி-யும். மெஷின் பிளக் தனி லைன், தடிமனான வயர். ரெண்டுக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்) கட்டாயம். வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா, பெஞ்ச் வரிசையில ஒரு பேட்டனை மட்டும் அதுல சேர்க்கச் சொல்லுங்க. வரிசைக்கு ஒரு ஸ்விட்ச். இதையெல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையால செய்யுங்க.

பேட்டன் மேல மரத்தூள் படியும். தூசு புகாத ஐ.பி. 65 வகை கிடைச்சா நல்லது, இல்லன்னா அப்பப்ப அணைச்சுட்டுக் காய்ந்த துணியால துடைச்சா போதும்.

கோவை_மரவேலை:
வெள்ளை அடிச்சாச்சு, பெஞ்ச் வரிசை மூணும் மாட்டியாச்சு. எதிர் வரிசை இன்னும் பாக்கி. கோடு இப்பவே சுத்தமாத் தெரியுதுங்க. கடையில ஸ்லோ மோஷன் வச்சேன், முதல்ல எடுத்துக் கொடுத்த மாடல் துடிச்சுது, ரெண்டாவது மாடல் அசையல, அதையே வாங்கிட்டேன். பழைய ஃப்ளட்டை அணைச்சதும் சக்கும் ஒழுங்காத் தெரியுது. அந்த ஃப்ளட்டை ஷட்டருக்கு வெளியே வாசலைப் பார்த்து மாத்திடலாம்னு இருக்கேன்.

ஒரே ஒரு சந்தேகம். மழை பெய்ஞ்ச சாயங்காலம் ஈசல் எல்லாம் உள்ளே வந்துடுது. என்ன பண்றது?

லேத்_பட்டறை:
அந்த ஃப்ளட்தான் தம்பி வழி. அதை வெளியே எரியவிட்டு, ஷட்டரை முக்கால் இறக்கிட்டு, உள்ளே பெஞ்ச் வரிசையை மட்டும் போடுங்க. முக்கால்வாசி அங்கேயே நின்னுடும்.

பாலிஷ்_வாத்தியார்:
மீதி கால்வாசி உள்ளே வரும். அன்றைக்குப் பாலிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள்.