கப் அளவை கிராமுக்கு மாற்ற உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் பலகாரக் குறிப்புகளை வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கிராம் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறேன். குறிப்புகளில் இருப்பதெல்லாம் ஆழாக்கும் கப்பும்தான். அக்கா மகள் இருக்கும் ஆஸ்திரேலியாவில் ஒரு கப் என்றால் 250 மி.லி. தம்பி இருக்கும் அமெரிக்காவில் ஏறக்குறைய 240. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மி.லி., நம் ஆழாக்கு சுமார் 168. வெறுமனே "ஒரு கப்" என்று எழுதிக் கொடுத்தால் ஆளுக்கொரு பக்குவம்தான் வரும்.

தண்ணீர், பாலுக்கு மி.லி. போதும். மாவு வகைதான் சிக்கல். அமெரிக்கக் கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராம் பிடிக்கும், வெண்ணெய் 225 கிராம் போல. மைதாவோ 120, 125 கிராம்தான், அதுவும் கரண்டியால் தளர்வாகப் போட்டு மேலே வழித்துவிட்டால். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140 கிராமைத் தாண்டிவிடும்.

மைதா, சர்க்கரைக்கு எங்கு தேடினாலும் கணக்கு கிடைக்கிறது. நமக்கு வேண்டியதற்குத்தான் இல்லை. ஈர அரிசி மாவு, கடையில் வாங்கும் பச்சரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, பொடித்த வெல்லம் இவற்றை எடை போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எடைத் தராசு வைத்திருப்பவர்கள் ஒரு கப் நிறுத்துச் சொன்னால் பெரிய உதவி. உங்கள் கப் எத்தனை மி.லி., மாவு சலித்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முக்கியமாக அதிரசத்துக்கு ஈர மாவு எவ்வளவு, வெல்லம் எவ்வளவு என்று கிராமில் செய்பவர்கள் அவசியம் சொல்லுங்கள்.