பழைய ஆவி அமர்வு அறிக்கைகளை எப்படி வாசிப்பது? (பாரிஸ், 1857–1908)

மஸ்கரீன் மாணவி (சேன்-தெனி, ரெயூனியன்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். பிரான்சில் ஆவியோடு பேசும் மீடியம்களை அறிஞர்கள் சோதித்துப் பார்த்த வரலாறுதான் பொருள். பிரெஞ்சு ஆவியுலகக் கொள்கையை வகுத்த அலன் கார்டெக்கில் தொடங்கி, இத்தாலிய மீடியம் யூசாபியா பல்லாடினோவில் முடிகிறது. மூன்று இடங்களில் நிற்கிறேன்.

1. ஷார்ல் ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்ற உடலியல் அறிஞர். அவரே மீடியத்தின் கையைக் கட்டுக்குள் வைத்திருந்தோம், மேசை எழும்பியது என்ற பொருளில் எழுதும்போது அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது?
2. ஏமாற்றா, உண்மையா என்று தீர்ப்புச் சொல்லாமல் ஆய்வேட்டை முடிக்க முடியுமா?
3. நம் கோயில்களில் சாமி வந்து ஆடுவதோடு ஒப்பிட்டு ஓர் இயல் சேர்க்கும்படி நெறியாளர் சொல்கிறார். சேர்க்கலாமா?

ஏட்டுச்சுவடி

முதல் கேள்விதான் பெரிது, அதற்கு மட்டும் சொல்கிறேன். எழுதியவரின் பட்டத்தையும் நேர்மையையும் ஓரமாக வையுங்கள். அந்த நிமிடத்தில் அவர் எதைப் பார்க்க முடிந்தது, எதைத் தொட முடிந்தது என்று முதலில் பாருங்கள்.

பல்லாடினோவின் அமர்வில் அவருக்கு இரு பக்கமும் ஒவ்வொருவர் உட்கார்ந்து, தத்தம் பக்கத்துக் கைக்கும் காலுக்கும் காவல் இருப்பார்கள். பல சமயம் அவர்கள் அவருடைய கையைப் பிடித்திருக்கவில்லை. அவர்தான் தம் கையை அவர்கள் கைமேல் வைத்திருந்தார். வெளிச்சம் குறைந்ததும் உடம்பை உலுக்கி, முறுக்கி, இரண்டு கைகளையும் கொஞ்சங்கொஞ்சமாக நடுவுக்குக் கொண்டுவருவார். கடைசியில் ஒரே கையின் விரல்கள் ஒருவர்மேலும், மணிக்கட்டுப் பக்கம் மற்றவர்மேலும் படிந்திருக்கும். தன் பக்கத்துக் கை தன்னிடம்தான் இருக்கிறது என்று இருவரும் மனதாரச் சொல்வார்கள். இன்னொரு கை எப்போதோ விடுபட்டிருக்கும். காலுக்கும் இதே வழிதான்: ஒரே காலணியின் முனை ஒருவர் பாதத்தில், குதிகால் மற்றவர் பாதத்தில். 1895இல் கேம்பிரிட்ஜ் அமர்வுகளில் மீடியம்களைச் சோதித்துவந்த ஆய்வாளர் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் இந்தக் கை மாற்றத்தைத்தான் கண்டுபிடித்தார்.

ஆகவே ஒவ்வொரு அமர்வுக்கும் ஓர் அட்டவணை போடுங்கள். விளக்கு எது, எவ்வளவு தூரத்தில், எப்போது குறைக்கப்பட்டது, குறைக்கச் சொன்னது யார்? ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் யார் பொறுப்பு, யார் யாரைப் பிடித்தார்? அந்தக் காவல் மேசை எழும்பிய அதே நொடிக்குச் சொல்லப்படுகிறதா, இல்லை அமர்வு முழுவதற்கும் பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படுகிறதா? குறிப்பு அங்கேயே எழுதப்பட்டதா, மறுநாளா? இந்தக் கட்டங்களில் பாதி காலியாகத்தான் கிடக்கும். அந்தக் காலிக் கட்டங்களே உங்கள் ஆய்வேட்டுக்குக் கிடைக்கும் நல்ல தரவு.

நினைவு எவ்வளவு சறுக்கும் என்பதற்கு 1887இல் ஹாட்ஜ்சனும் எஸ். ஜே. டேவியும் லண்டன் ஆன்மிக ஆய்வுச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்ட கட்டுரையை அவசியம் படியுங்கள். டேவி வெறும் கைவித்தையால் கற்பலகையில் 'ஆவி எழுத்து' வரவழைத்துக் காட்டி, வந்தவர்களையே நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எழுதிய படித்தவர்கள், பலகை தங்கள் கண்ணை விட்டு அகன்ற கணங்களை விட்டுவிட்டார்கள், நிகழ்ச்சிகளின் வரிசையை மாற்றினார்கள், செய்யாத பரிசோதனையைச் செய்ததாக எழுதினார்கள். இத்தனைக்குப் பிறகும் இயற்கையியல் அறிஞர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் டேவியும் உண்மையான மீடியமாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடினார். பெரிய அறிஞர் என்பது இந்த வேலையில் கவசம் ஆகாது.

பாரிஸ் பொது உளவியல் நிறுவனம் 1905 முதல் பல்லாடினோவை வைத்து நடத்திய 43 அமர்வுகள் உங்களுக்கு முக்கியம். மேரி கியூரி, பியர் கியூரி, மெய்யியலர் பெர்க்சன், உடலியல் அறிஞர் தார்சோன்வால் எல்லாம் வந்துபோனார்கள். ஆனால் அங்கே எடை கொடுக்க வேண்டியது கருவிகளுக்கு. மீடியத்தைத் தராசின்மேல் உட்காரவைத்தபோது, மேசை எழும்பும் நேரத்தில் அதன் எடை அவருடைய எடையோடு கூடியது. சுமை அவர் உடம்பின் வழியாகத்தான் இறங்குகிறது என்று அதற்குப் பொருள். எப்படி என்பதைத் தராசு சொல்லாது. 1908இல் ஜூல் கூர்த்தியே எழுதிய அறிக்கை ஏமாற்றுகளையும் பதிந்து, முடிவு கட்டாமல் நிறுத்தியது.

தாள்பூச்சி

இரண்டாவது கேள்வி. எல்லா இடத்திலும் நடுநிலை என்று நழுவ வேண்டாம். சான்று இருக்கிற இடத்தில் தீர்ப்பும் இருக்கட்டும்.

பாரிஸில் 1875இல் நடந்த ஆவிப் புகைப்பட வழக்கையே எடுங்கள். பூகே என்ற படக்காரர் மெல்லிய துணி போர்த்திய பொம்மைக்கு அட்டைத் தலை பொருத்தி, கண்ணாடித் தகட்டில் லேசாகப் பதித்துக்கொள்வார். பிறகு வாடிக்கையாளரை அதே தகட்டில் எடுப்பார். போலீஸ் பொம்மையையும் தலைகளையும் கைப்பற்றியது. அவரும் ஒப்புக்கொண்டார். ஓராண்டுச் சிறை, 500 பிராங்க் அபராதம். இதில் தீர்ப்புச் சொல்லத் தயங்கினால் ஆய்வேடு பலவீனப்படும். ஆனால் வழக்கின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஒப்புதல் வாக்குமூலத்தைக் கேட்ட பிறகும், படத்தில் இருப்பது இறந்த தன் மனைவிதான், தன் பிள்ளைதான் என்று சாட்சிகள் கூண்டில் நின்று சொன்னார்கள். அந்தத் துக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் கடந்துபோகாதீர்கள். அதற்கு ஒரு பகுதியே ஒதுக்கலாம்.

கார்டெக்கைப் பற்றி ஒன்று. 'ஆவிகளின் நூல்' 1857 முதல் பதிப்பில் 501 கேள்விகள்தான் உண்டு. 1860 இரண்டாம் பதிப்பில் அது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இன்று கடையில் கிடைப்பது பிந்தைய வடிவம். அதை மேற்கோள் காட்டி 1857 என்று போட்டால் தேர்வாளர் உடனே பிடிப்பார்.

செவ்வரளி

மூன்றாவதற்கு: சேர்க்கலாம், ஆனால் எதோடு எதை என்பதில் கவனம் வேண்டும். தீமிதியிலும் காவடியிலும் இறங்குவது தெய்வம். விரதம், காப்புக்கட்டு, மேளம், ஊர் கூட்டம் எல்லாம் அதற்கு முன்னே நிற்கின்றன. அங்கே யாரும் அம்மனிடம் அடையாளச் சான்று கேட்டு நிற்பதில்லை. பாரிஸ் அமர்வில் வருவது பெயருள்ள ஓர் இறந்த மனிதர், நீ அவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்பதே முதல் கேள்வி. இரண்டையும் 'மயக்க நிலை' என்று ஒரே பெட்டியில் போட்டால் இரண்டுமே கெடும். பொருத்தமான இணை வேண்டுமானால், செத்துப்போனவர் வந்து பேசும் குறி கேட்டல் இருக்கிறது. அங்கேயும் வந்தவரைச் சோதித்துப் பார்க்கும் கேள்விகள் உண்டு.

இன்னொன்று: கார்டெக் மறுபிறவியை ஏற்றார், ஆங்கில நாட்டு ஆவியுலகவாதிகளில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதைப் பார்த்ததும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று எழுதத் தோன்றும். எழுத வேண்டாம். ஃபூரியே, பியர் லெரூ போன்ற பிரெஞ்சு சோசலிஸ்டுகள் அவருக்கு முன்பே மறுபிறவி பேசியவர்கள். முதலில் அந்த வழியைப் பாருங்கள்.

மஸ்கரீன் மாணவி

மூவருக்கும் நன்றி. துணைக்கேள்வி ஒன்று. மேசை, தராசு எதுவும் இல்லாமல் பேச்சில் மட்டும் தகவல் சொல்லும் மீடியம் என்றால் எதை வைத்து அளப்பது?

ஏட்டுச்சுவடி

அங்கே கை கால் காவலுக்குப் பதில் தகவல் காவல். பாஸ்டனில் லியோனோரா பைப்பர் அம்மையாரைச் சோதித்தபோது ஹாட்ஜ்சன் துப்பறிவாளர்களை வைத்து அவர் யாரையாவது விசாரிக்கிறாரா என்று பின்தொடர வைத்தார், வந்தவர்களைப் புனைபெயரில் அறிமுகப்படுத்தினார். அப்போதும் ஒரு ஓட்டை மிஞ்சும்: எதிரே உட்கார்ந்தவரின் 'ஆமாம்', தயக்கம், மூச்சு, எல்லாமே மீடியத்துக்குத் துப்பு.

அதை அடைக்க இருவரையும் சந்திக்கவிடாமல் செய்வதே வழி. 2005இல் ஓகீஃப், வைஸ்மன் இருவரும் பிரிட்டனில் அப்படிச் செய்தார்கள்: 5 மீடியம், 5 கேட்பவர். யாருக்குச் சொன்னது என்று தெரியாமல், எல்லாருக்கும் சொன்னவற்றைக் கேட்பவர்களே மதிப்பெண் போட்டார்கள். தமக்குச் சொன்னதற்கென்று தெளிவாகக் கூடுதல் மதிப்பெண் விழவில்லை. கணக்கு எளிது. ஐந்தில் தன்னுடையதைக் குருட்டாம்போக்கில் எடுத்தாலும் ஐந்து பேரில் சராசரி ஒருவருக்குச் சரியாக விழும். அதற்கு மேல் தெளிவாகப் போனால்தான் பேச்சு.

பழைய அமர்வுகளுக்கு இந்த வசதி இல்லை. அதனால் சுருக்கெழுத்துக்காரர் மீடியத்தின் சொல்லோடு கேட்டவரின் சொல்லையும் எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். சரியாகச் சொன்ன வரிகளை மட்டும் பொறுக்கி அச்சிட்ட அமர்வுகளை இந்தக் கணக்கிலிருந்து விலக்கி, இதழ்களின் பதிப்பு வழக்கம் பற்றிய இயலுக்கு மாற்றிவிடுங்கள். ஐ.ஏ.பி.எஸ்.ஓ.பி. (IAPSOP) இணையக் காப்பகத்தில் அக்காலத்து ஆவியுலக இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடும்போது மீடியத்தின் பெயரோடு அமர்வின் தேதியையும் போட்டுப் பாருங்கள், ஒரே அமர்வுக்கு இரண்டு இதழ்களில் இரண்டு விவரம் அகப்படலாம்.