யுஎஸ்டிஏ 110 மரபணுத்தொகுதியின் மூலக் கட்டுரை எங்கே? தேடினால் வேறு பெயர் வருகிறது

கேள்வி: வேர்முடிச்சு

வணக்கம். முதுகலை நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சோயாவின் வேர்முடிச்சில் வாழும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியாவின் நைட்ரஜனேஸ் (காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தும் நொதி) மரபணுக்கள்தான் என் செயல்திட்டம். வழிகாட்டி ஒரு பழைய கட்டுரையின் நகலைக் கொடுத்தார். அதில் ‘பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம் யுஎஸ்டிஏ 110’ என்று இருக்கிறது (யுஎஸ்டிஏ 110 என்பது திரிபின், அதாவது சிற்றினத்துக்குள் ஒரு தனி வகையின், பெயர்). நைட்ரஜனேஸ் மரபணுக்களில் ஒன்றான நிஃப்எச்சுக்கு ‘பிஎல்ஆர்1769’ என்று எண் போட்டிருக்கிறார்கள்.

என்சிபிஐ என்ற மரபணுத் தரவுத்தளத்தில் ஜப்பானிக்கம் என்று தேடி, முழுமையான மரபணுத்தொகுதி ஒன்றைத் திறந்தேன். அதில் மரபணு எண்கள் எல்லாம் ‘பிஜே6டி’ என்று தொடங்குகின்றன. பிஎல்ஆர்1769 எங்குமே இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் யுஎஸ்டிஏ 110 என்று தேடினால் ‘பிராடிரைசோபியம் டையசோஎஃபிசியன்ஸ்’ பற்றிய கட்டுரைகள் வருகின்றன. எல்லாம் 2013க்குப் பிந்தையவை. இது அதே பாக்டீரியாவா, வேறா?

இன்னொரு குழப்பம். பாடப்புத்தகத்தில் நிஃப் எச், டி, கே மூன்றும் அடுத்தடுத்து இருப்பதாகப் படம் இருக்கிறது. நகலிலோ டிக்கு 1743, கேக்கு 1744. எச் மட்டும் 1769. அச்சுப்பிழையா?

எங்கள் கல்லூரியில் கட்டண ஆய்விதழ்கள் கிடையாது. இலவசமாகப் படிக்கக் கிடைப்பதைச் சொன்னால் நல்லது.

பதில்: பச்சைவயல்

நீங்கள் திறந்தது யுஎஸ்டிஏ 6 என்ற திரிபாக இருக்கும். அதுவும் ஜப்பானிக்கம்தான், முழுமையாகவும் இருக்கிறது. செயல்திட்டம்தானே, அதையே வைத்து முடித்துவிடலாம். நிஃப்எச் எப்படியும் பெரிதாக மாறாது.

பதில்: மண்ணும் நுண்ணோக்கியும்

பச்சைவயல் சொன்னபடி செய்ய வேண்டாம். திரிபை மாற்றினால் நகலில் உள்ள ஒரு மரபணு எண்கூடப் பொருந்தாது. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

யுஎஸ்டிஏ 110ஐ நீண்ட காலம் ஜப்பானிக்கம் என்றே எல்லோரும் எழுதினார்கள். 2013இல் பிரேசில் ஆய்வாளர்கள் அதைத் தனிச் சிற்றினமாகப் பிரித்து டையசோஎஃபிசியன்ஸ் என்று பெயரிட்டார்கள். அதன் மாதிரித் திரிபே (சிற்றினப் பெயருக்கு அடையாளமாக வைக்கும் திரிபு) யுஎஸ்டிஏ 110தான். யுஎஸ்டிஏ 6 பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. அதன் மரபணுத்தொகுதி 2011இல் வெளியானது. நீங்கள் பார்த்த பிஜே6டி எண்கள் அதனுடையவை. ஆகவே உங்கள் பாக்டீரியா அதேதான், பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது. (பெயர் சூட்டும் குழுக்கள் மீது எனக்குப் பழைய கோபம் உண்டு. அதை இங்கே கொட்டவில்லை.)

இதில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. மரபணுத் தரவுத்தளம் பெயரைத் திருத்திக்கொள்ளும்; அச்சாகிவிட்ட கட்டுரையின் தலைப்பு அப்படியே கிடக்கும். அதனால் சிற்றினப் பெயரை வைத்துத் தேடினால் ஏதோ ஒரு பாதிதான் கையில் சிக்கும். திரிபின் பெயரை வைத்துத் தேடுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: மூலக் கட்டுரையின் தலைப்பில் ‘யுஎஸ்டிஏ110’ என்று இடைவெளி இல்லாமல் இருக்கிறது. மேற்கோள்குறி போட்டு, இடைவெளி விட்டுத் தேடினால் நழுவிவிடும். இரண்டு விதமாகவும் கொடுத்து, நடுவே ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

நீங்கள் தேடும் கட்டுரை ஜப்பானின் கசூசா டிஎன்ஏ ஆய்வு நிறுவனத்தார் எழுதியது. 2002, ‘டிஎன்ஏ ரிசர்ச்’ ஆய்விதழ், 9ஆம் தொகுதி. முதல் ஆசிரியர் கனேகோ. கட்டணம் இல்லை. வட்ட வடிவ நிறப்புரி ஒன்றே ஒன்று, 91,05,828 கார இணைகள், பிளாஸ்மிட் (தனியே நிற்கும் சிறு டிஎன்ஏ வளையம்) கிடையாது, புரதம் தரக்கூடிய மரபணுக்கள் 8,317. கூட்டுவாழ்வுக்கான மரபணுக்களில் பெரும்பகுதி 681 ஆயிரம் கார இணைகள் கொண்ட ஒரு தீவில் குவிந்திருக்கிறது. ஜிசி அளவு (டிஎன்ஏவில் ஜி, சி காரங்களின் பங்கு) மொத்தத்தில் 64.1 சதவீதம், தீவில் 59.4. வெளியிலிருந்து வந்து ஒட்டிய பகுதி என்பதற்கு இந்த வேறுபாடும் ஒரு சான்று. உங்கள் நிஃப் மரபணுக்கள் இந்தத் தீவில்தான் இருக்கின்றன. மரபணு அட்டவணைகள் அதே இதழின் பின்பகுதியில் இணைப்பாகத் தனியே வந்தன. அதையும் மறக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள்.

பதில்: எட்டாவது பெஞ்சு

1769 அச்சுப்பிழை இல்லை. பாடப்புத்தகப் படம் கிளெப்சியெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவை வைத்து வரைந்ததாக இருக்கும். அதில் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. குதிரைமசாலின் கூட்டாளியான சைனோரைசோபியம் மெலிலோட்டியிலும் அப்படியே. சோயா பாக்டீரியாவில் எச் தனியாகவும் டி, கே சேர்ந்தும் இருப்பதை 1983லேயே சூரிச் ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். அந்தக் கட்டுரை ‘ரைசோபியம் ஜப்பானிக்கம்’ என்ற பெயரில் இருக்கிறது. பிராடிரைசோபியம் என்ற பேரினமே 1982இல்தான் பிரிந்தது. எழுதியவர்கள் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். எனவே ஒரே பாக்டீரியாவுக்கு மூன்று பெயர்களில் தேட வேண்டும்.

எண்ணில் உள்ள எழுத்துகளுக்கும் கணக்கு உண்டு. முதல் எழுத்து பிராடிரைசோபியத்துக்கு. இரண்டாவது மரபணுவின் நீளத்துக்கு: 100 குறிமுறைகளுக்கு (மூன்று மூன்று எழுத்துகளாக வரும் டிஎன்ஏ அலகு) மேல் என்றால் எல், குறைவென்றால் எஸ். மூன்றாவது எந்தத் திசையில் படிக்க வேண்டும் என்பதற்கு: ஆர் வலம், எல் இடம். ஆகவே பிஎல்ஆர்1769 வலப்புறம் படிக்கும் நீளமான மரபணு. எம் என்று தொடங்கினால் அது இதே குழு 2000இல் வெளியிட்ட மீசோரைசோபியம், அதோடு கலந்துவிடாதீர்கள்.

பழைய எண்ணை நேரடியாகத் தட்டிப் பார்க்க ‘கெக்’ தளம் வசதி. இந்தத் திரிபின் குறியீடு அங்கே ‘பிஜேஏ’. பழைய எண்களே இன்னும் இருக்கின்றன. என்சிபிஐயின் ரெஃப்சீக் பதிவில் புதிய எண்களுக்குப் பக்கத்தில் பழைய எண்ணுக்கான புலம் தனியே இருக்கும். மொத்த மரபணு எண்ணிக்கை 8,317க்கு ஒத்துவராவிட்டால் பதறாதீர்கள். வரிசை அதேதான், மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முடிவு செய்யும் நிரல் மாறினால் எண்ணிக்கையும் மாறும்.

பதில்: மண்ணும் நுண்ணோக்கியும்

எட்டாவது பெஞ்சு சொன்னதோடு ஒன்று. பப்மெட் தலைப்பு, சுருக்கம் போன்ற விவரங்களைத்தான் தேடும், முழு உரையை அல்ல. மரபணுத்தொகுதியைப் பயன்படுத்திய பலர் திரிபின் பெயரைச் செய்முறைப் பகுதியில்தான் எழுதுகிறார்கள். அதற்குப் பப்மெட் சென்ட்ரல்தான் சரி, முழு உரையையும் துழாவும், கட்டணமும் இல்லை. அங்கே பெயருக்குப் பதில் பதிவு எண்ணைக் கொடுங்கள்: ஜீன்பேங்கில் பிஏ000040, ரெஃப்சீக்கில் என்சி, அடிக்கோடு, 004463. வகைப்பாட்டு எண் 224911. எந்தக் குழு பெயர் மாற்றினாலும் இவை மாறப் போவதில்லை. 2002 கட்டுரையைக் கூகுள் ஸ்காலரில் திறந்து, அதை மேற்கோள் காட்டியவற்றுக்குள்ளேயே ‘நிஃப்எச்’ என்று தேடினால் குப்பை பெருமளவு குறையும்.

இரண்டு சிற்றினங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால், 2014இல் ‘பிஎம்சி ஜீனோமிக்ஸ்’ ஆய்விதழில் வந்த பிரேசில் கட்டுரை போதும். அங்கே சோயாவுக்கு விதைநேர்த்தி செய்யும் சிபிஏசி 15, சிபிஏசி 7 என்ற இரண்டு திரிபுகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். முன்னது ஜப்பானிக்கம், பின்னது டையசோஎஃபிசியன்ஸ்.

பதில்: வேர்முடிச்சு

மிக்க நன்றி ஐயா, நன்றி எட்டாவது பெஞ்சு. 2002 கட்டுரையும் இணைப்பும் கிடைத்துவிட்டன. பிஎல்ஆர்1769 கெக் தளத்தில் உடனே வந்தது. ஒரே ஒரு சந்தேகம். எங்கள் ஆய்வகக் குளிர்பெட்டியில் உள்ள குப்பியில் ‘110எஸ்பிசி4’ என்று எழுதியிருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானா? ஆய்வேட்டில் எந்தப் பெயரை எழுதுவது?

பதில்: பச்சைவயல்

வழிகாட்டி பழைய பெயர்தான் சொல்கிறார் என்றால் பழைய பெயரையே எழுதுங்கள். அவரோடு எதற்கு வாக்குவாதம்?

பதில்: மண்ணும் நுண்ணோக்கியும்

வாக்குவாதம் தேவையே இல்லை. முதல்முறை வரும் இடத்தில் ‘பிராடிரைசோபியம் டையசோஎஃபிசியன்ஸ் யுஎஸ்டிஏ 110, முன்பு ஜப்பானிக்கம்’ என்று எழுதிவிட்டால் வழிகாட்டிக்கும் புறத்தேர்வாளருக்கும் சேர்த்துப் பதில் ஆகிவிடும். பழைய கட்டுரைகளின் தலைப்பை மட்டும் திருத்தாதீர்கள். அச்சில் உள்ளபடியே இருக்கட்டும்.

110எஸ்பிசி4 என்பது யுஎஸ்டிஏ 110இலிருந்து எடுத்த, ஸ்பெக்டினோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாங்கும் திரிபு. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. அதன் மரபணுத்தொகுதியைத் தனியாக வரிசைப்படுத்தி 2019இல் வெளியிட்டிருக்கிறார்கள். நிஃப்எச்சுக்குப் பிரைமர் (பிசிஆரில் மரபணுவைப் பெருக்கப் பயன்படும் குறுகிய டிஎன்ஏ துண்டு) போடும் முன் அந்தப் பதிவிலும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். குப்பியில் தேதி இருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.