முக அடையாள மாடல் டெஸ்ட்டில் 99%, கேமராவில் தப்பு தப்பாகப் பேர் சொல்கிறது: எங்கே பார்ப்பது?

கேள்வி:
முகத்தைக் கண்டுபிடிக்க ஓப்பன்சிவி (படங்களைக் கையாளும் மென்பொருள் நூலகம்) தரும் ஹார் கேஸ்கேட், ஆளை அடையாளம் காண ஆர்க்ஃபேஸ் மாடல் பயன்படுத்துறேன். 112×112 பிக்சலுக்கு வெட்டித் தயாராகக் கிடைக்கும் எல்எஃப்டபிள்யூ (முக அடையாளச் சோதனைக்கான பொதுப் படத்தொகுப்பு) படங்களில் சோதித்தேன். ரெண்டு படமும் ஒரே ஆளா, வேற ஆளான்னு 6000 ஜோடிக்குக் கேட்டதில் 99%க்கு மேல் சரியா வருது. வாசல் கேமரா வீடியோவில் பல முகங்களைப் பார்க்கவே மாட்டேங்குது, பார்த்தாலும் வேற பேர் சொல்லுது. த்ரெஷோல்டை (ஒரே ஆள்னு சொல்லத் தேவையான குறைந்தபட்ச ஒற்றுமை ஸ்கோர்) ஏத்தி இறக்கியும் சரியாகலை. கோளாறு எதில்னு எப்படிப் பிரிக்கிறது?

பதில் 1:
முகம் கண்டுபிடிக்கிறது, பேர் சொல்றது ரெண்டையும் தனித்தனியா அளங்க. முதல்ல முகம் கண்டுபிடிக்கிறது. வீடியோவில் இடைவெளி விட்டு ஃப்ரேம் எடுங்க. அடுத்தடுத்த ஃப்ரேம் எல்லாம் ஒரே படம் மாதிரிதான். எல்லா முகத்துக்கும் கையால் பெட்டி போட்டு, ஐஓயூ (உங்க பெட்டியும் ஹார் பெட்டியும் பொதுவா மூடுற பரப்பு ÷ ரெண்டும் சேர்ந்து மூடுற மொத்தப் பரப்பு) 0.5-க்கு மேல் இருந்தா கிடைச்சதுன்னு எண்ணுங்க. ஒரே முகத்தில் ரெண்டாவது பெட்டி விழுந்தா அது தவறு.

இதில் ஒரு பொறி இருக்கு. நீங்க நெற்றி முதல் தாடை வரை 100×140 வரைஞ்சு, ஹார் அதுக்குள்ளே 80×80 சதுரம் போட்டா, 6400/14000 = 0.46. முகம் சரியா கிடைச்சும் கணக்கில் தவறவிட்டதா விழும். அதனால் பெட்டி வரையும் விதியை முதல்லயே முடிவு பண்ணுங்க.

தவறவிட்டதை முகத்தின் அகலப்படியும் திரும்பின கோணப்படியும் பிரிச்சுப் பாருங்க. நேர்முகக் கேஸ்கேட் பக்கவாட்டு முகத்தைப் பிடிக்காது. மின்நெய்பர்ஸை (ஒரு முகத்தை ஏத்துக்க அதே இடத்தில் குறைஞ்சது எத்தனை பெட்டி விழணும்ங்கிற ஹார் அமைப்பு) ஏத்தினா பொய்ப்பெட்டி குறையும், கூடவே மங்கலான முகங்களும் போகும்.

பதில் 2:
பேர் மாறுறதுக்கு அலைன்மென்ட் (முகத்தை நேராக்கி வைக்கிறது) சரியில்லாததுதான் காரணம்னு நினைக்கிறேன். ஆர்க்ஃபேஸுக்கு ரெண்டு கண், மூக்கு நுனி, ரெண்டு வாயோரம் என 5 புள்ளியை வெச்சு நேராக்கின முகம் வேணும். உங்க தயார் படங்கள் ஏற்கெனவே நேராக்கினவை. அந்தச் சோதனையில் ஹார் கலந்துக்கவே இல்லை! ஹார் பெட்டி மட்டும்தான் தரும், புள்ளி தராது. ஹாருக்குப் பதிலா எம்டிசிஎன்என் அல்லது ரெட்டினாஃபேஸ் என்ற முகம் கண்டுபிடிக்கும் மாடல் போட்டா பெட்டி, புள்ளி ரெண்டும் கிடைக்கும்.

சரிபார்க்க, புள்ளிகளைக் கையால் குறிச்சு நேராக்கின சில முகங்களைக் கொடுங்க. பேர் சரியா வந்தா மாடல் மேல் குறையில்லை. கலர் வரிசையையும் பாருங்க: ஓப்பன்சிவி நீலம்-பச்சை-சிவப்பா படிக்கும். மாடல் எதிர்பார்க்கிற வரிசை வேறன்னா எரர் வராது, ஸ்கோர் மட்டும் சத்தமில்லாம இறங்கும்.

பதில் 3:
எல்எஃப்டபிள்யூ முகங்களே வயோலா-ஜோன்ஸ் முறை கண்டுபிடிச்சவைதான். ஹார் கேஸ்கேடும் அதே முறை. அது தவறவிடுற முகங்கள் அந்தத் தொகுப்பில் சேரவே இல்லை. வாசல் கேமராவுக்கு அதை அளவுகோலா வெக்காதீங்க.

இன்னொன்று, ஜோடிச் சோதனை வேற, பதிவு பண்ணின ஆட்கள் பட்டியலில் தேடுறது வேற. வேற ஆளை ஒரே ஆள்னு சொல்ற வாய்ப்பு ஜோடிக்கு 0.1% என்றாலும், 1000 பேர் பட்டியலில் தேடும்போது பட்டியலிலேயே இல்லாத ஒருத்தருக்கு யாரோ ஒருத்தர் பேர் ஒட்டுற வாய்ப்பு 1 − 0.999^1000, சுமார் 63%. எல்எஃப்டபிள்யூவில் வேற வேற ஆள் ஜோடி 3000தான். அதில் 0.1% என்பது 3 ஜோடி. அதை வெச்சு த்ரெஷோல்ட் முடிவு பண்ண முடியாது. உங்க கேமராப் படங்களிலேயே ஜோடி சேருங்க, பட்டியலில் இல்லாதவங்களையும் கட்டாயம் சேருங்க. த்ரெஷோல்ட் தேர்ந்தெடுக்க ஒரு கூட்டம், சோதிக்க வேறொரு கூட்டம். ஒரே ஆள் ரெண்டிலும் வரக்கூடாது.