மறு: காபியில் ‘அசிடிட்டி’: அமிலத்தன்மையா, புளிப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

காபிச் சுவைஞர்கள் ‘அசிடிட்டி’ என்று புகழும் குணத்துக்குத் தமிழ்ச்சொல் தேடுகிற நம் இழையில் வந்த கேள்விக்கு என் பதில்:

> ‘அமிலத்தன்மை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, வேதியியலுக்கு அது போதும், நாக்குக்குப் போதாது. காபிக்கொட்டையை வறுக்கும்போது குளோரோஜெனிக் அமிலம் சிதைந்து குயினிக் அமிலம் உண்டாகிறது. அதுவும் அமிலம்தான். ஆனால் வாயில் கசப்பும் துவர்ப்புமாக நிற்கும். அதைக் குடித்துவிட்டு ‘நல்ல அசிடிட்டி’ என்று எந்தச் சுவைஞரும் சொல்லமாட்டார். அவர் தேடுவது சிட்ரிக், மாலிக் அமிலங்கள் தருகிற பழச்சுவையை: ஆரஞ்சுச் சுளையின் கூர்மை, ஆப்பிளைக் கடித்ததும் வாயூறுகிற சுறுசுறுப்பு. தவிர, அமிலத்தன்மை என்றதும் நம்மில் பாதிப்பேருக்கு வயிறுதான் ஞாபகம் வரும்.

‘புளிப்பு’ இன்னும் மோசம். காபி புளிக்கிறது என்றால் கெட்டுப்போனது என்றே எவரும் நினைப்பார்கள். ‘பொலிவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் கண்ணுக்குரியது.

இதில் நான் இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம், மலையுச்சிக் காபிக்குக் கொட்டிக்கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கு இந்த ஒரு குணத்துக்கும் அதனோடு வரும் மணத்துக்கும்தான் போகிறது. எத்தியோப்பியாவில் 1930களில் விதை எடுத்து, கோஸ்டாரிகா வழியாகப் பனாமாவுக்கு வந்த கெய்ஷா ரகத்தைப் பாருங்கள். தாழ்வான தோட்டங்களில் அதை யாரும் மதிக்கவில்லை. பனாமாவின் போகெட்டே பகுதியில் 1,600 மீட்டருக்கு மேல் விளைந்ததைத் தனியாகப் பறித்து, 2004இல் போட்டிக்கு அனுப்பினார்கள். மல்லிகை மணமும் எலுமிச்சைக் கூர்மையுமாக வந்து, ஏலத்தில் பவுண்டுக்கு 21 டாலர் எடுத்தது. 2019இல் வேறொரு பனாமா கெய்ஷா ஆயிரம் டாலரைத் தாண்டியது.

இதைச் செய்வது உயரம்கூட இல்லை, குளிர். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். பழம் நிதானமாகப் பழுக்கும், கொட்டை இறுகும், அமிலமும் சர்க்கரையும் சேரும். குவாத்தமாலாவில் 1,350 மீட்டருக்கு மேல் விளைவதை ‘மிகக் கடினக் கொட்டை’ என்றே தரம் பிரிக்கிறார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளியிருப்பதால் தாழ்விலேயே குளிர் கிடைக்கிற ஹவாயின் கோனாவில் 1,000 மீட்டருக்குக் கீழேயே நல்ல காபி விளைகிறது. (ஆகவே ‘உயர்நிலக் காபி’ என்ற சொல்லின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. அதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.)

என் பரிந்துரை: தீம்புளிப்பு. குறுந்தொகை 167இல் ‘தீம்புளிப் பாகர்’ (இனிய புளிப்புள்ள குழம்பு) வருகிறது. இனிப்போடு கூடிய புளிப்புக்கு அன்றே சொல் இருந்திருக்கிறது. பழுத்த பழத்தின் புளிப்பில் சர்க்கரையும் உண்டு என்பதுதானே இங்கே விஷயம்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

---

> என் பரிந்துரை: தீம்புளிப்பு

நண்பரே, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் இன்றைக்குப் ‘புளி’ என்றால் குழம்பில் கரைப்பதுதான். ‘தீம்புளிக் காபி’ என்று யாராவது சுருக்கினால் மானம் போகும். காபியில் குறையாகக் கருதப்படும் புளிப்புக்கு என்ன சொல்வீர்கள்?

---

‘-ப்பு’ விகுதியை விடாமல் எழுதினால் தப்பிக்கலாம்: ‘தீம்புளிப்புள்ள காபி’. கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

குறைகளுக்கு இரண்டு சொல் வேண்டும். பழுக்காமல் பறித்ததால் வருவது காய்ப்புளிப்பு. நொதிப்பு எல்லை மீறி வினிகர் நெடி அடித்தால் காடிப்புளிப்பு. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் அகராதி பார்க்காமலே வேறுபாடு புரிகிறது.

மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்து ‘பாடி’ (காபி வாயில் உணர்த்தும் கனம்) காத்திருக்கிறது. தயவுசெய்து யாரும் ‘உடல்’ என்று எழுதிவிடாதீர்கள்.